கண்ணாடிக்காரர் நாலு சக்கரம் வாங்கிய கதை

வாழ்நாள் முழுவதும் அடுத்தவரிடம் "இதுவா, அதுவா?" என்று கேட்டே பிழைத்த ஒருவருக்குத் தன் முறை வந்தால், அந்தக் கேள்வியை யார் கேட்பது?

எங்கள் தெருக் கண்ணாடிக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் எழுந்த கேள்வி இது. ஆழமான கேள்வி போலத் தோன்றும். அவரிடமே கேட்டிருந்தால், "எந்தக் கேள்வி? முதல்ல கேட்டதா, ரெண்டாவதா?" என்றிருப்பார்.

மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பல் இடுக்கில் மாட்டிக்கொண்ட பாக்குத்தூள் மாதிரி இருந்தது அவர் கடை. கண் பரிசோதிக்க வேண்டிய நீளம் அறைக்கு இல்லை. அதனால் எழுத்து அட்டை வாடிக்கையாளரின் தலைக்குப் பின்னால் தொங்கும். எதிர்ச் சுவரில் உள்ள முகம் பார்க்கும் கண்ணாடியில் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். மூக்கில் கனமான சோதனை ஃப்ரேமை ஏற்றிவிட்டு, ஒரு லென்ஸைப் போடுவார், எடுப்பார், இன்னொன்றைப் போடுவார். "இது தெளிவா, அது தெளிவா?" பத்தாவது முறை கேட்கும்போது வந்தவருக்குத் தன் பெயரே மங்கலாகிவிடும். தெருவில் அவருக்கு "இதுவா அதுவா" என்றே பெயர். முகத்துக்கு நேராகச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று முடிவெடுப்பதற்குள் சொன்னவர் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

தேர்ந்தெடுப்பதுதான் மனிதனின் சுதந்திரம் என்று தடித்த புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் கண்ணாடி ஃப்ரேம் வாங்கப் போனதில்லை போலும். நம்மவர் அந்தச் சுதந்திரத்தை வாடிக்கையாளர்களுக்கு வாரி வழங்கிவிட்டுத் தனக்கென்று ஒரு சொட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டலில் எதிரில் இருப்பவர் சொன்னதையே தானும் சொல்வார். சட்டை மனைவி எடுத்தது. கல்யாணம்கூட அப்படித்தான். உரிமம் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் பஸ் டிரைவர், "ரெண்டு லென்ஸும் தெளிவாத்தான் இருக்கு, நீங்கதான் மங்கலா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரமும் வந்தார், பார்வையில் ஒரு குறையும் இல்லாமலேயே. பிறகு எல்லாவற்றையும் அவரே பேசி முடித்தார். தெருவில் அவரை டிரைவரம்மா என்போம்.

கண்ணாடிக்காரர் தன் தொழிலில் மோசமில்லை. அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி காதை அறுக்காது, மூக்கில் வழுக்காது. அதற்கு மேல் புகழ ஒன்றுமில்லை.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு முடிவை யாரையும் கேட்காமல் எடுத்தார். ஐம்பதைத் தாண்டிய பிறகு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின். ஏற வேண்டுமென்றால் கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி குனிந்து, பிறகு அப்படியே விழ வேண்டும். இவ்வளவு பெரிய முடிவை எப்படி எடுத்தார் என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. விற்பனைக்கு அந்த ஒரு கார்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று நின்றிருந்தால் இன்றுவரை இரண்டுக்கும் நடுவில் நின்றிருப்பார்.

டிரைவரம்மா காருக்கு வைத்த பெயர் "சின்ன வீடு".

"எங்க போறீங்க இந்நேரத்துல? சின்ன வீட்டுக்கா?"

"சும்மா ஒரு ரவுண்டு."

"எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்றான். சாவிய குடுங்க, ஒரு நாள் நான் எடுத்துப் பாக்கறேன்."

"உனக்கு பஸ் ஓட்டுற கை. இது தாங்காது."

"என் கைய நம்பி தெனமும் ஒரு ஊரே உக்காருது. உங்க சின்ன வீட்டுல நான் ஒருத்தி உக்கார முடியல. பெரிய பேச்சு!"

சாவி மட்டும் கைமாறவில்லை. விடுமுறைக் காலைகளில் அவர் ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருவார். வேகமாக ஓட்டுவார் என்றும் சொல்ல முடியாது. மொபெட்காரர்கள் முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்குத்தான். ஆனால் இறங்கும்போது இருக்கும் முகம் கடையில் பார்க்கும் முகம் இல்லை. ஆனந்தம் என்று சொல்ல எனக்கு நா வரவில்லை, அது பெரிய சொல். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்பது மட்டும் அந்த முகத்தில் தெரியும். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குத்தான் கேடு வந்தது. ஒரு காலையில் சாலைக் குழி ஒன்றில் இறங்கியதில் முன்சக்கரங்களில் ஒன்று விரிசல் விட்டது, மற்றொன்று நசுங்கியது. அந்த மாடலுக்கான சக்கரத்தைக் கம்பெனி செய்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. வெளியில் செய்கிறவர்களிடம் நாலும் புதிதாக வாங்கிப் போட வேண்டும். எத்தனையோ கம்பெனி, எத்தனையோ வடிவம், எத்தனையோ நிறம். விதி ஒருவரைப் பழிவாங்க நினைத்தால் இப்படித்தான் கடை விரிக்கும்.

சக்கரக் கடைக்காரரை நட்டு என்பார்கள். தொழிலால் வந்த பெயர் என்பார் அவர். கழன்றதால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். கடையின் மூன்று சுவர்களிலும் சக்கரங்கள் தொங்கும், நாலாவது சுவரில் நட்டுவின் புகைப்படங்கள், எல்லாவற்றிலும் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு. கண்ணாடிக்காரரின் கார் லாரியில் ஏறி வந்து, வண்டி தூக்கும் லிஃப்டில் ஏறியது.

"சார், வீலுன்னா அழகா இருந்தா மட்டும் போதாது" என்று நட்டு ஆரம்பித்தார். "உங்க வண்டிக்கு பிரேக் பெருசு. வீலுக்குள்ள அது ஃப்ரீயா நிக்கணும். நல்லா இருக்கேன்னு ஒண்ண வாங்கி மாட்டுவான், பிரேக்கும் ஸ்போக்கும் உரசி கத்தும். அப்புறம் ஆஃப்செட்டு. வீலு எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு ஒரு கணக்கு. வெளிய வந்தா பாடியில இடிக்கும், உள்ள போனா பாக்கவே பாவமா இருக்கும்."

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம தொழிலுதான். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அளக்காம லென்ஸ் போட்டா தலவலி."

"அதேதான் சார். அப்புறம் இந்த நடு ஓட்ட. இது அச்சுல கச்சிதமா உக்காரணும். இல்லன்னா வேகத்துல வண்டி நடுங்கும்."

"கண்ணாடி மூக்குல உக்கார்ற மாதிரி."

"மூக்கே இல்லாதவன் கண்ணாடி கேட்டு வர்றான் பாருங்க, அந்த மாதிரி கேஸும் நம்மகிட்ட வருது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமன் மச்சான் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். அந்த உறவு பத்து நிமிடம் நீடித்தது. அதற்குள் நட்டு முன்பக்கம் வலதில் ஒரு வடிவமும் இடதில் வேறு வடிவமும் மாட்டிக் காட்டியிருந்தார்.

"சொல்லுங்க சார். எது?"

கண்ணாடிக்காரர் வலப்பக்கம் நின்று பார்த்தார். இடப்பக்கம் வந்து பார்த்தார். திரும்ப வலப்பக்கம் போனார். "இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?"

"நான்தானே சார் உங்கள கேட்டேன்?"

"இல்ல, நீங்க சொல்லுங்க."

"வண்டி யாரோடது?"

அன்றும் முடியவில்லை, அந்த வாரமும் முடியவில்லை. கார் லிஃப்டிலேயே கிடந்தது. பின்னால் வந்த வண்டிகளை நட்டு தெருவில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் டிரைவரம்மா போன் போட்டு, "முதல்ல காட்டினத மாட்டி அனுப்புங்க தம்பி, அவரு சாகற வரைக்கும் சுத்தி சுத்தி வருவாரு" என்று உத்தரவு போட்டார். மெல்லிய ஸ்போக்குகள் கொண்ட வெள்ளி நிறச் சக்கரம். நாலையும் தரையில் சாய்த்து வைத்து, ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொன்னார் நட்டு. அங்கேதான் வில்லங்கம் பிறந்தது.

கண்ணாடிக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலக்கண்ணைச் சுருக்கி, இடக்கண்ணால் மட்டும் பார்த்தார். லென்ஸில் கீறல் பார்க்கிற பழக்கம் அது.

"தம்பி, இந்த ஸ்போக் வளைஞ்சிருக்கு."

"எங்க சார்?"

"இதோ நடுவுல. தண்ணிக்குள்ள குச்சிய விட்ட மாதிரி நெளியுது."

நட்டு சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றிக் காட்டினார். மயிரிழை ஆட்டம் இல்லை. கண்ணாடிக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. லென்ஸ் கம்பெனிக்காரர்களும் இப்போதெல்லாம் இப்படித்தான், பாதிக்குப் பாதி நெளிசல் லென்ஸாக அனுப்புகிறார்கள், தான் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். நட்டு பல்லைக் கடித்துக்கொண்டு வேறொரு கம்பெனிச் சக்கரம் வரவழைத்தார். அதுவும் வளைந்திருந்தது. மூன்றாவது, வார்க்காமல் அடித்துச் செய்த சக்கரம், பந்தயக் கார்களுக்குப் போடுவது. அதுவும்.

நட்டுவுக்கு நிஜமாகவே கழன்றது.

"ஏன் சார், உலகத்துல இருக்கிற வீல் கம்பெனிக்காரன் எல்லாம் ஒண்ணா கூடி, இந்த ஆளுக்கு மட்டும் கோணலா அனுப்புங்கடான்னு தீர்மானம் போட்டுட்டானா?"

"எனக்கு கண்ணு தெரியாதுங்கிறீங்களா? நான் யாரு? எத்தன வருஷமா இதே வேல!"

"வளையலன்னு மெஷின் சொல்லுது. நான் சொல்றேன். அந்தா டயர் மாத்த வந்து உக்காந்திருக்காரே, அவரு சொல்றாரு."

"அப்ப உங்க மூணு பேருக்கும் கண்ணுல கோளாறு. உக்காருங்க."

சொல்லிவிட்டுத் தோள்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். வெள்ளை அட்டை, முழுக்க நேர்க்கோடுகளால் கட்டம் போட்டது, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. விழித்திரையின் மையம் கெட்டால் அந்தக் கோடுகள் வளைந்து தெரியும். வயதானவர்கள் வந்தால் இதை நீட்டாமல் அனுப்ப மாட்டார். அந்த அட்டையைப் பார்த்து எத்தனையோ பேரை டாக்டரிடம் ஓட ஓட விரட்டியிருக்கிறார்.

நட்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். கிரீஸ் கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"புள்ளிய பாருங்க. கோடெல்லாம் எப்படி இருக்கு?"

"கோடு கோடாத்தான் இருக்கு."

"வளையுதா?"

"வளைஞ்சா கோடுன்னு ஏன் சார் சொல்லப்போறேன்?"

"அடுத்த கண்ணு."

"இதுலயும் நேருதான். டயர்க்காரரே, நீங்களும் பாருங்க, ஓசி டெஸ்ட்டு."

கண்ணாடிக்காரர் அட்டையைப் பிடுங்கி, பழக்கப்படி வலக்கண்ணைச் சுருக்கினார். "எப்படி நேரா இருக்கும்? இதோ பாருங்க, இந்தப் புள்ளிய சுத்தி எல்லாமே..."

நிறுத்தினார். அட்டையைத் தூரப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். "பழைய அட்டை. பிரிண்டு சரியில்ல" என்று முனகியபடி பையிலிருந்து புதியதை எடுத்து உறையைக் கிழித்தார். அதையும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமல், இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தி வலக்கண்ணால் பார்த்தார். கையை மாற்றினார். மறுபடி மாற்றினார். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததைத் தனக்கு முதல் முறையாகச் செய்கிறவரின் தடுமாற்றம் அந்தக் கையில் இருந்தது.



நட்டு எழுந்தார். குரல் இறங்கியிருந்தது. "சார், தண்ணி குடிக்கிறீங்களா? பச்சத் தண்ணியா, சுடுதண்ணியா?"

"ஏதோ ஒண்ணு" என்றார் கண்ணாடிக்காரர்.

கண்ணை நம்பியே பிழைப்பவன் கண்ணைச் சந்தேகிக்க மாட்டான். சந்தேகிக்கத் தொடங்கினால் காலையில் கடை திறக்க முடியாது. உலகம் கோணல் என்று சொல்வது சுலபம், அதற்கு ஆயிரம் சான்று கிடைக்கும். நாமும் அதைத்தான் செய்கிறோம். நம்மிடம் அட்டை இல்லாததால் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

கண் டாக்டர் அவருக்குப் பழைய பழக்கம். "எத்தன பேர என்கிட்ட அனுப்பினீங்க! ஒரே ஒருத்தர மட்டும் அனுப்பவே இல்லையே" என்றார் அந்த அம்மாள். இடக்கண்ணில், விழித்திரையின் மையத்தில் கசிவு. வலது நன்றாக இருந்தது. கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், பல மாதம் தொடர்ந்து போட வேண்டும்.

"நெளிஞ்சது நிமிருமா?"

"உறுதி சொல்ல மாட்டேன். இதோட நிக்கும்னு சொல்லலாம்."

"கடை?"

"ஒரு கண்ணு போதும். பழகிப்பீங்க."

அவர் கேட்க வந்தது அது இல்லை. வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். "கார் ஓட்டலாமா?"

"ஊசியெல்லாம் முடியட்டும். சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் கூடாது."

கூடவே இருந்த டிரைவரம்மா அவரைப் பஸ்ஸில் வீட்டுக்கு அழைத்து வந்தார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டார்.

"அப்ப என் மூஞ்சி?"

கண்ணாடிக்காரர் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "நெளியுது."

"அந்தக் கண்ண மூடிட்டு இந்தக் கண்ணால பாருங்க."

பார்த்தார். "இதுலயும் பெரிய வித்தியாசம் இல்ல."

"கண்ணு போனாலும் கொழுப்பு போகல" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார் டிரைவரம்மா. அன்று பாத்திரம் கழுவ வழக்கத்தை விட அதிக நேரம் ஆயிற்று. கழுவ இருந்ததோ இரண்டு தட்டு. திரும்பி வந்து, துண்டில் கையைத் துடைத்தபடி, "அந்தக் குழிய அன்னைக்கு நீங்க பாத்தீங்களா இல்லையா?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்த மாதங்களில் கார் நட்டுவின் கடையின் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நட்டு வாடகை கேட்கவில்லை, அதற்காக அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அங்கே வரும் எல்லோரிடமும் தார்ப்பாயைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் கடையில் "இதுவா, அதுவா" தொடர்ந்தது, லென்ஸ்கள் திரும்பிப் போவது நின்றது. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். மருத்துவமனையில் எல்லோரும் "பாப்பேனா?" என்று கேட்பார்கள், இவர் "ஓட்டுவேனா?" என்று கேட்கிறார் என்று டாக்டர் சிரித்தார்.

கடைசிச் சோதனை முடிந்தது. கசிவு நின்றிருந்தது. வலக்கண் இளவயதுக்காரர்களைப் பொறாமைப்பட வைக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து சட்டம் கேட்கும் பார்வையைத் தாராளமாகத் தாண்டின. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"தாராளமா ஓட்டுங்க. மனசுல பயம் எதும் வெச்சுக்காதீங்க."

மறுநாள் டிரைவரம்மாவுக்கு விடுமுறை. இருவரும் நட்டுவின் கடைக்குப் போனார்கள். சுவரில் அப்போது இன்னும் அதிகச் சக்கரங்கள். நட்டு ஒரு நாற்காலியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துவைத்து, பொழுது சாயும்வரை உட்காரத் தயாராக இருந்தார். கண்ணாடிக்காரர் சுவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"அது."

"எது சார்?"

"மேல் வரிசையில மூணாவது. கறுப்பு."

"அது பக்கத்துல இன்னொண்ணு இருக்கு, அதோட..."

"அதுதான்."

நட்டு டிரைவரம்மாவைப் பார்த்தார். டிரைவரம்மா கூரையைப் பார்த்தார்.

அளவு பார்க்கப்பட்டது. பிரேக்குக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் நட்டுவின் சுண்டுவிரல் சுகமாகப் போய் வந்தது. நடு ஓட்டை அச்சை விடக் கொஞ்சம் பெரியது, அதற்கு ஒரு வளையம் போட்டுக் கச்சிதமாக்கினார். அகலமான இரண்டு பின்னால், ஒடுங்கிய இரண்டு முன்னால். போல்ட்டுகளை அடுத்தடுத்து முறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்று என்று நட்சத்திரம் வரைவது போல முறுக்கினார். ஒவ்வொன்றும் இறுகி முடிந்ததும் கையிலிருந்த ஸ்பேனர் 'டக்' என்றது. லிஃப்ட் இறங்கி, சக்கரங்கள் தரையைத் தொட்டன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் இதற்குமேல் சொல்ல மாட்டேன், நட்டு அதற்குமேல் சொல்லிவிட்டார்.

"சார், கிளப்புங்க! கொஞ்ச தூரம் ஓடினதும் திரும்ப கொண்டாங்க, போல்ட்ட ஒருதரம் டைட் பாக்கணும்."

டிரைவரம்மா பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடிக்காரர் அவர் தோளைத் தொட்டு நிமிர்த்தி, உள்ளங்கையில் சாவியை வைத்தார்.

"என்னது இது?"

"நீ எடு."

"பஸ் கைன்னீங்க? தாங்காதுன்னீங்க?"

"எடு."

"ஏங்க, டாக்டர் ஓட்டலாம்னு எழுதியே குடுத்திருக்காங்க. சட்டப் பையில வெச்சிருக்கீங்க. கண்ணு எதும் பண்ணுதா? சொல்லித் தொலைங்க."

"ஒண்ணும் பண்ணல. நல்லா தெரியுது."

டிரைவரம்மா சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு சுற்றிப்போய், முனகிக்கொண்டே விழுந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் பக்கத்து இருக்கையில் ஏறுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திறந்திருந்த கதவைச் சாத்தினார், மெதுவாக, கண்ணாடிப் பெட்டியின் மூடியைச் சாத்துவது போல. சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போனார். அப்போதுதான் ஒரு பஸ் வந்து நின்றது.

டிரைவரம்மா ஜன்னலை இறக்கிக் கத்தினார். "ஏங்க! அது நம்ம வீட்டுப் பக்கமே போகாது!"

பஸ் வழித்தடம் அவரை விட யாருக்குத் தெரியும்? கண்ணாடிக்காரர் கையை ஆட்டினார். கேட்டது என்பதற்காகவா, போ என்பதற்காகவா என்று தெரியவில்லை. ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் காரின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விற்கவும் விடவில்லை. விடுமுறைக் காலைகளில் டிரைவரம்மாதான் அதை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றும் சாலைக்குப் போகிறார், மொபெட்காரர்கள் இப்போது முந்துவதில்லை. ஏன் ஓட்டவில்லை என்று டாக்டர் கேட்டார், நட்டு கேட்டார், டிரைவரம்மா கெஞ்சியும் கேட்டார், திட்டியும் கேட்டார். அவர் எல்லோரிடமும் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் குழிய அடைச்சுட்டாங்களா?"